ஆத்திரமூட்டுவது எதற்காக?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்த்திக் கேட்டால், "ஆத்திரமூட்டுகிறார்கள்" என்கிறார் முதலாளி. பொதுக் கிணற்றில் குடம் வைத்தால், "வம்புக்கு இழுக்கிறார்கள்" என்கிறார் பண்ணையார். இந்தப் பேச்சுக்கு நாம் கூசவேண்டியதில்லை. எதற்காக ஆத்திரமூட்டுகிறோம், அதன்பின் எப்படி நிற்கிறோம் என்பதே கேள்வி.

பம்பாய் மாகாணத்தில் மஹத் என்று ஓர் ஊர். அங்குள்ள சவுதார் குளத்தில் அன்று மாடு குடிக்கலாம். தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கக் கூடாது என்றிருந்தது. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923-ல் மாகாணச் சட்டசபை தீர்மானித்தது. 1924-ல் ஊர் முனிசிபாலிடியும் ஒப்புக்கொண்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. மக்களின் தொண்டை வறண்டே கிடந்தது.

1927 மார்ச் 20. மாநாட்டுக்கு வந்த மக்களோடு ஊர்வலமாகச் சென்ற டாக்டர் அம்பேத்கர், குளத்து நீரை அள்ளிக் குடித்தார். மக்களும் குடித்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. குடித்தது தண்ணீர், கொதித்தது ஆதிக்கக்காரர்களின் ரத்தம்!

கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள். தடியோடு வந்த கும்பல், பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாக்கியது. திருப்பி அடிக்க மக்களுக்குக் கை இல்லையா? பட்டாளத்தில் இருந்தவர்களே பலர் அங்கே இருந்தார்கள். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அம்பேத்கர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அமைதி காக்கச் சொன்னார்.

ஏன்? பதிலுக்கு அடித்திருந்தால், மறுநாள் ஊரெங்கும் "கலகம்" என்றே பேச்சாகியிருக்கும். குளத்தின் பேச்சு அமுங்கிப்போயிருக்கும். அடக்கி நின்றதால், தாக்கியவர்களே கோர்ட்டில் நின்றார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். குளத்தைச் 'சுத்தம்' செய்ய 108 குடம் பஞ்சகவ்வியம் ஊற்றினார்கள். மாட்டுச் சாணம் புனிதமாம், மனிதன் கை தீட்டாம்! நூறு மேடை போட்டாலும் நம்மால் இதை இவ்வளவு தெளிவாக விளக்க முடியுமா?

வெற்றி உடனே வரவில்லை. முனிசிபாலிடி பின்வாங்கியது. வழக்கு நடந்தது. 1937-ல்தான் பம்பாய் ஹைகோர்ட் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்குப் பத்து வருஷம்!

தோழர்களே, எதிரியும் நம்மை ஆத்திரமூட்டுவான். மில் வாசலில் ஆள் வைத்து ஏசுவான். கூட்டத்துக்குள் ஆள் விட்டுக் கல்லெறிவான். நாமும் ஒரு கல்லை எடுக்கவேண்டும், போலீஸ் உள்ளே வரவேண்டும், கூலிக் கோரிக்கை மறையவேண்டும் என்பதே அவன் நோக்கம். நம் நோக்கம் வேறு: மூடிவைத்த அநியாயத்தைப் பத்துப் பேர் பார்க்கத் திறந்துகாட்டுவது.

ஆகவே நியாயமானதைக் கேளுங்கள். சேர்ந்து கேளுங்கள். அவன் கோபப்படட்டும். நம் கோபமோ சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கட்டும்!