தோள் நோவும் நஷ்டஈடும்

 

தடுப்பூசியால் கொடிய நோய்கள் பல அடங்கின என்பதை நாம் நன்கறிவோம். எனினும், ஊசியைத் தோளில் மிக மேலே குத்திவிடின், மருந்து தசையிற் சேராது மூட்டினருகே சென்று அழற்சி விளைக்கும். கையைத் தூக்கவும் இயலாத நோவு நேரிடும். பலர் நலத்தின்பொருட்டு நடைபெறும் காரியத்தில் ஒருவர் இங்ஙனம் வருந்தினால் அவருக்கு ஆதரவு யாது?

அமெரிக்க ஐக்கிய நாட்டார் 1986-ஆம் வருஷத்தில் இதற்கென ஒரு சட்டம் இயற்றினர். அதன் பட்டியலிலுள்ள ஊசிகளுக்கு, அவை தடுக்கும் நோயொன்றுக்கு முக்கால் டாலர் வீதம் வரி வாங்கி நிதி திரட்டி, அதினின்று நஷ்டஈடு வழங்குகின்றனர். குத்தியவர் கவனக்குறைவாயிருந்தாரென மெய்ப்பிக்க வேண்டுவதில்லை.

இத்தோள் நோவு 2017-இல் அச்சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. முன்னர் அத்தோளில் நோவு இருந்திருத்தலாகாது. ஊசியிட்ட 48 மணி நேரத்துக்குள் நோவு தொடங்கியிருத்தல் வேண்டும். பொதுவாக 6 மாதத்துக்கு மேல் நீடித்திருத்தலும் வேண்டும். நோவு கண்டது முதல் 3 வருஷத்துக்குள் மனுச் செய்யாவிடின் உரிமை போய்விடும். நல்லெண்ணத்தோடும் தக்க ஆதாரத்தோடும் தொடுத்த வழக்காயின், தோற்பினும் வக்கீல் செலவை அந்நிதியே ஏற்கலாம்.

ஆதலின் அந்நாட்டில் வாழும் நம்மவர், நோவு தானே தீருமென்று வாளாவிருத்தல் கூடாது. ஊசியிட்ட நாள், எந்தக் கை, நோவு தொடங்கிய வேளை ஆகியவற்றைக் குறித்துவைத்து, காலதாமதமின்றி வைத்தியரிடம் சென்று அவர் ஏட்டிலும் பதியச் செய்க. நினைவு மங்கும்; எழுத்தே சாட்சி.

பொதுநலத்துக்குத் தோள் கொடுத்தவரைப் பொதுநிதி தாங்குதல் தருமம். அதைக் கேட்டுப் பெறுவதில் நாணம் வேண்டா.