நாற்பது டிகிரியில் ஒரு பேட்டரி



பேட்டரியின் வெப்பத்தைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும்தான் 1953இல் இங்கே திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடித்தளம். மின்கல ஆராய்ச்சி இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதால் நமக்குள் ஒளிவுமறைவின்றிப் பேசலாம்.

என் மனக்குறை ஒன்றுதான். நம் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை செல்லை 25 டிகிரி செல்சியஸ் அறையில் வைத்து அளந்தவை. லித்தியம்-அயனிச் செல் நன்றாக உழைப்பது ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரை. மே மாதத்தில் வேலூரின் நண்பகல் காற்றோ 40 டிகிரியைத் தாண்டும். விசிறி வைத்தாலும் துடுப்புகள் வைத்தாலும், காற்றால் குளிரும் பேட்டரி அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிடாது. மின்னோட்டம் இரு மடங்கானால் உள்மின்தடையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது. இருவரைச் சுமந்து மேம்பாலம் ஏறி வந்த ஸ்கூட்டரை வீட்டு வாசலில் நிறுத்தியதுமே சார்ஜில் போடுகிறார்கள். அந்தச் செல்லின் நிலையை 25 டிகிரி வரைபடம் எப்படிச் சொல்லும்?

செல்லின் வெப்பத்தை உள்வாங்க வைக்கும் மெழுகையே எடுத்துக்கொள்வோம். பாரஃபின் மெழுகு உருகும்போது கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. அதன் வெப்பக் கடத்துதிறன் குறைவு என்பதால் விரிந்த கிராஃபைட்டைக் கலக்கிறோம். அழகான வழி, பம்பு வேண்டாம், குழாய் வேண்டாம், இருசக்கர வண்டிக்கு ஏற்றது. ஆனால் 42 டிகிரியில் உருகும் மெழுகு, 41 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எப்போது மீண்டும் உறையும்? உறையாத மெழுகு அடுத்த பயணத்தில் வெறும் சுமைதான். மெழுகு எவ்வளவு வெப்பத்தை ஏற்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், அதை எங்கே, எத்தனை நேரத்தில் கழிக்கிறது என்றும் எழுதுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, கட்டுமீறும் செல், அதாவது வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டே போகும் செல். 80 டிகிரியைத் தாண்டினால் எதிர்மின்முனையின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. 130 டிகிரி அளவில் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகுகிறது. நிக்கல் மிகுந்த நேர்மின்முனை 200 டிகிரியை ஒட்டி ஆக்சிஜனை விடுகிறது. இந்த ஆக்சிஜன் உள்ளேயே பிறப்பதால், காற்றை அடைத்துத் தீயை அணைக்கும் வழி பலிப்பதில்லை. இரும்பு பாஸ்பேட் நேர்மின்முனை ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்தச் செல்லிலும் மின்பகுளி எரியக்கூடியது. அது உமிழும் வாயுவில் ஹைட்ரஜனும் உண்டு.

2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தில் ஒரு பேட்டரி எரிந்தது. அதில் எட்டே செல்கள். ஒன்றின் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, ஓலைக் குடிசை வரிசையில் பற்றிய நெருப்பைப்போல மற்றவற்றுக்கும் பரவியது. ஒன்பது நாள் கழித்து அதே வகை விமானமொன்று பேட்டரிக் கோளாறால் ஜப்பானின் தகமட்சுவில் அவசரமாக இறங்கியது. அந்த வகை விமானங்கள் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டன. ஒரு செல் கெட்டால் அது மட்டும் வாயுவை வெளியேற்றும், அடுத்ததைத் தொடாது என்பதே வடிவமைப்பின்போது செய்த மதிப்பீடு. எந்தச் செல்லும் கெடாது என்று யாரும் நம்பவில்லை. கெட்டது தன் அண்டைச் செல்லை என்ன செய்யும் என்பதைத்தான் குறைவாக எடைபோட்டார்கள். பிறகு செல்களுக்கு நடுவே கூடுதல் காப்பு வைத்தார்கள். எஃகுப் பெட்டியில் அடைத்து, வாயு விமானத்துக்கு வெளியே போக வழி செய்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் மீண்டும் பறக்க அனுமதி கிடைத்தது. செல்லின் வேதியியலை மாற்றவேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

வாயுவுக்கு வழி இல்லாத இடத்தில் நேர்வதை நம் மண்ணிலேயே பார்த்தோம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச் இறுதியிலும் மின்வாகனப் பேட்டரிகளுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரவிதியான ஏஐஎஸ்-156இன் திருத்தம் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. செல்களுக்கிடையே இடைவெளி, கூடுதல் வெப்ப உணரிகள், அழுத்தம் வெளியேற வழி ஆகியவை கட்டாயமாயின. சீனா இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தரவிதி, ஒரு செல் கட்டுமீறினால் ஆபத்துக்கு 5 நிமிடம் முன்பே பயணிகளை எச்சரிக்கச் சொன்னது. 2026 ஜூலை முதலான புதிய விதியோ தீயும் வெடிப்புமே கூடாது என்கிறது. நாமும் அங்கே போயாக வேண்டும்.

இந்தக் கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். செல் தொகுப்பின் சராசரி வெப்பநிலையோடு, அதில் மிகச் சூடான செல்லுக்கும் மிகக் குளிர்ந்த செல்லுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லுங்கள். அது 5 டிகிரியைத் தாண்டினால் சூடான செல் முந்தி மூப்படையும். தொகுப்பின் ஆயுளை அந்த ஒரு செல்லே தீர்மானித்துவிடும். 45 டிகிரியில் செய்த சோதனை முடிவுகள் கைவசம் இருந்தால், சாதகமாக இல்லாவிட்டாலும் தயங்காமல் இந்த அவையில் வையுங்கள். விவாத நேரத்தில் முதலில் அவற்றையே எடுத்துக்கொள்வோம்.

முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.