ஞாபகார்த்தப் பந்தயமும் சுவருக்கு அப்பாலுள்ள ஓசையும்



ஞாபகார்த்தப் பந்தயம் நமக்குப் புதியதன்று. ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமானால் அவர் பெயரில் கிண்ணம் வைத்து, இளைஞர்கள் உதைபந்தாட்டமோ மென்பந்துத் துடுப்பாட்டமோ ஆடுவதற்குமுன் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நிற்பதை நெடுங்காலமாகக் கண்டுவருகிறோம். ஆனால் தன் இல்லத்துக்குள்ளேயே கொல்லப்பட்ட பெண்ணொருத்தியின் பெயரால் பந்தயம் நடக்குமாயின், அயலாரின் மௌனமும் அவளுடைய மரணத்துக்கு ஓரளவு துணைபோயிருக்கக்கூடும் என்ற நினைவு எழுந்து, அந்த ஒரு நிமிஷ மௌனம் எனக்குச் சற்றே உறுத்துகிறது.

கென்யாவிலே ஐட்டன் என்னும் மலைநகரில் வாழ்ந்த அக்னஸ் டிரோப் இதற்கு ஒரு திருஷ்டாந்தம். 2015இல் சீனாவின் குய்யாங் நகரில் உலகக் குறோஸ் கண்ட்றிப் பட்டத்தை வென்று, 2017இலும் 2019இலும் உலகப் போட்டிகளின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்று, 2021 செப்டெம்பரில் மகளிர் மாத்திரம் ஓடும் 10 கிலோமீற்றர் வீதியோட்டத்தில் உலக சாதனையும் படைத்த அந்த வீராங்கனை, அதற்கு அடுத்த மாதமே, ஒக்டோபர் 13ஆந் திகதி, கத்திக்குத்துக் காயங்களுடன் தம் வீட்டில் இறந்து கிடந்தார். கணவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அவர் அதை மறுத்தார். இருபத்தாறாவது பிறந்தநாள் எந்தத் தினமோ அந்தத் தினத்திலேயே அக்னஸ் அடக்கம் செய்யப்பட்டார். உடன் ஓடிய தோழியர் அவர் பெயரால் ஓர் அமைப்பை நிறுவினர். 2022 பெப்ரவரியில் எல்டோரெட் நகரையண்டி அவருடைய ஞாபகார்த்தமாகச் சர்வதேச ஓட்டப் பந்தயமும் நடந்தது. அவர் ஓடிய அதே மண்ணில் அவரில்லாமல் ஓடியவர்களின் மனோநிலையை நான் வருணிக்கப் புகவில்லை.

அந்தப் பந்தயத்தால் எல்லாம் மாறிவிட்டதா? 2024 ஓகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் ஓடிய உகண்டா வீராங்கனை ரெபெக்கா செப்டேகி, மறுமாதமே, உடன் வாழ்ந்தவன் பெற்றோல் ஊற்றி எரித்த காயங்களால் எல்டோரெட் வைத்தியசாலையில் மாண்டார். அவர் வீடு கட்டியிருந்த காணியைப் பற்றிய தகராறு அதற்கு முன்பே இருந்ததாம். கால்கள் சம்பாதித்ததைக் கைகள் பறிக்கத் துணிந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டை மாத்திரம் குற்றமற்றதென்று கொண்டாடவும் முடியவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பொலிஸ் பதிவுகளை 2002, 2006, 2010 ஆகிய உலகக் கிண்ண உதைபந்தாட்டக் காலங்களில் ஆராய்ந்த லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், இங்கிலாந்து அணி தோற்ற நாட்களில் வீட்டு வன்முறைச் சம்பவங்கள் 38 வீதமும், வென்ற அல்லது சமநிலையடைந்த நாட்களில் 26 வீதமும் கூடியிருக்கக் கண்டனர். தோற்றாலும் அடி, வென்றாலும் அடி!

இலங்கையில் 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, ஐவரில் ஒரு பெண் தன் வாழ்நாளில் துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொல்கிறது. நம்முடைய தொடர்மாடிகளின் சுவர்கள் மெல்லியவை. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் விக்கெட் விழுந்தால் நமக்குக் கேட்கிறது. அதே சுவரூடாக அழுகுரல் வந்தால், 'அது அவையின்ரை குடும்ப விஷயம்' என்று நம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ அதைக் குடும்ப விஷயமாகக் கருதவில்லை. பாதிக்கப்பட்டவள் நேரிலோ, அவள் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவான் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

ஆகவே, கொழும்பிலே கொட்டாஞ்சேனை மைதானத்தில் இத்தகைய பந்தயம் ஒன்று நடக்குமாயின், ஏற்பாட்டாளர்களிடம் என் விண்ணப்பம் சிறியது. தலைகுனிந்து நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில், பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமாகிய 1938ஐ, தமிழிலும் சிங்களத்திலும் ஒலிபெருக்கியில், அண்டை ஒழுங்கைகளின் சமையலறைகள்வரை கேட்கும்படி உரக்க வாசிக்கட்டும்.