இரத்த அழுத்தக் கட்டுப்பாடு: தடைகளும் தீர்வும்

(அலுவலர் பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியின்றி வளரும் நோய். உடலில் குறையொன்றும் தெரியாத நிலையிலேயே அது இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் 24 விழுக்காட்டினரும் பெண்களில் 21 விழுக்காட்டினரும் இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள். அல்லது அதற்கென மருந்து உட்கொள்பவர்கள். மருந்து உண்டு, அதன் விலையும் பெரிதன்று. ஆயினும் பலரிடம் நோய் கட்டுக்கு அடங்காதிருப்பது ஏன்?

முதல் தடை அறியாமை. அளந்து பார்த்தாலன்றி இந்நோய் தெரியாது. இரண்டாவது தடை செலவு. மாத்திரையின் விலையைக் காட்டிலும், அதைப் பெறச் செல்லும் பேருந்துக் கட்டணமும் இழந்த ஒரு நாள் கூலியுமே தொழிலாளிக்குப் பெருஞ்சுமை. பத்து நாளுக்கொரு முறை மருந்து வழங்கினால், மாதத்தில் மூன்று நாள் வேலை போகிறது. நோவு இல்லாதபோது இவ்விழப்பை அவர் எத்தனை காலம் பொறுப்பார்? மூன்றாவது தடை மருந்துத் தட்டுப்பாடு. வெறுங்கையுடன் திரும்பியவர் மீண்டும் வரத் தயங்குவது இயல்பே.

2017 நவம்பரில் தொடங்கப்பெற்ற இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி இத்தடைகளைக் களைய முற்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவை மாநில அரசுகளுடன் இணைந்து, பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் தேர்ந்த மாவட்டங்களில் இதனை முதலில் செயற்படுத்தின. ஒரே சீரான சிகிச்சை முறை, தடையற்ற மருந்து வழங்கல், மருத்துவருடன் செவிலியரும் களப் பணியாளரும் பொறுப்பேற்கும் கூட்டுப்பணி, வீட்டருகே 30 நாள் மருந்து, தொடர் கண்காணிப்பு ஆகிய ஐந்தும் இதன் தூண்கள். 2022-இல் இம்முயற்சி ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

இவற்றுள் சீரான சிகிச்சை முறையின் பொருளாதாரப் பயன் கருதத்தக்கது. மருத்துவருக்கு மருத்துவர் மருந்து மாறினால் தேவையைக் கணக்கிட இயலாது. மருந்து ஒன்றேயானால் கணக்கு எளிது: நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 3,65,000 மாத்திரைகள். முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம்; விலையும் குறையும்; இருப்பும் தீராது.

முகாம் நடத்திப் பெயர்களைப் பதிவு செய்வதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. பதிவு செய்தோரில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்துள்ளது, இம்மாதம் வராதவர் யார் என்பனவே பதிவேடு விடையளிக்க வேண்டிய வினாக்கள். வராதவரைத் தேடிச் செல்லும் பணியாளரே இத்திட்டத்தின் உயிர்நாடி.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்பதில் மாணவர்கள் பெரிதும் உதவலாம். உழைப்பவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால் குடும்பத்தின் வருவாய் நின்றுவிடுகிறது, கடன் சேர்கிறது, பிள்ளைகளின் படிப்பு தடைப்படுகிறது. நாள்தோறும் உட்கொள்ளும் சிறு மாத்திரை இவ்விழப்புகள் பலவற்றைத் தவிர்க்க வல்லது. அது தவறாமல் அவர் கைக்குச் சேருமாறு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.