அட்டை யாருடையது, சாவி யாருடையது?
(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிகள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசச் சொன்னார்கள். உள்ளே வரும்போதே ஒரு தலைவர், "சம்பளப் பிரச்சினை தலைக்கு மேலே கிடக்கு, இப்ப இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் ஓர் அட்டையால், ஒரு பதிவால், எங்களைப் போல் அல்லல்பட்ட சனம் வேறு உண்டா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். கடைசி முடிச்சு அவிழ 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். ஆகவே புது அட்டை வருகிறது என்றால் முதலில் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இப்போது கையில் இருக்கும் அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். 12 இலக்கப் புது அட்டையில் முதல் நான்கும் வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1985 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஒரு சகோதரிக்கு 85532 என்று தொடங்கும். அதாவது இலக்கத்தைப் பார்த்த எவனுக்கும் உங்கள் வயதும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். அது இரகசியமே இல்லை. அப்படியிருக்க, தொலைபேசியில் ஒருவன் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொன்னவுடனே, "இவர் பேங்கில இருந்துதான் பேசுறார்" என்று நம்பி, வந்த ஓ.டி.பி. இலக்கத்தை வாசித்துக் காட்டிவிடுகிறோம்.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரிந்ததுதான். டவுன் கொமினிகேசன் கடைக்குப் போய், "தம்பி, இந்த போர்மைப் போட்டுக் குடு" என்கிறோம். அந்தப் பையனே ஈமெயில் திறக்கிறான், அவனே கடவுச்சொல் வைக்கிறான், அவனே கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறான். பையன் நல்லவனாகவே இருக்கட்டும். ஆனால் வெளிநாடு போன பிள்ளையின் கடிதம், பரீட்சைப் பெறுபேறு, வங்கி அறிவித்தல் எல்லாவற்றுக்கும் சாவி அந்தக் கடை லாச்சிக்குள் கிடக்கிறது. கடன் கொடுத்த கடையில் வங்கி அட்டையையும் பின் இலக்கத்தையும் சேர்த்தே விட்டு வைத்திருக்கிறவர்களும் நம் மத்தியில் இல்லாமல் இல்லை.

ஒழுங்காகச் செய்யப்பட்ட டிஜிட்டல் அட்டை இந்த இடத்தில் உண்மையாகவே உதவும். அது எப்படி என்று சொல்கிறோம். அட்டைக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும். அதற்குள் இருக்கும் இரகசியச் சாவி வெளியே வராது. நீங்கள் ஒரு இணையத்தளத்துக்குள் போகும்போது அது ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புதிரை அனுப்பும். நீங்கள் பின் இலக்கத்தை அழுத்தினால், சில்லு அந்தப் புதிருக்கு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும். முத்திரை சரியா என்று பார்க்க அந்தப் பக்கம் வேறொரு சாவி வைத்திருக்கும். அதை வைத்துப் பார்க்கலாமே தவிர முத்திரை குத்த முடியாது. நேற்றைய முத்திரை இன்றைக்குச் செல்லாது. கடவுச்சொல்லே கிடையாது, ஆகவே கொப்பியில் எழுதவும் ஒன்றுமில்லை. அட்டை மட்டும் களவு போனாலும் பின் இலக்கம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

ஜெர்மனியில் 2010 நவம்பரில் இருந்து இப்படி ஓர் அட்டை இருக்கிறது. எங்களுக்கு அதில் பிடித்த விசயம், கேட்கிறவனும் அங்கே அனுமதி வாங்க வேண்டும் என்பது. எந்தெந்த விபரத்தை வாசிக்கலாம் என்று அரசு அவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும், அது உங்கள் திரையிலும் தெரியும். வயது 18 ஆகிவிட்டதா என்று மட்டும் தெரிய வேண்டுமா? அட்டை ஆம், இல்லை என்று சொல்லும், பிறந்த திகதியைக் காட்டாது. பெயரே தேவைப்படாத இடத்தில் ஒரு புனைபெயராலும் உள்ளே போகலாம். இந்தக் கடைக்கு ஒரு புனைபெயர், அந்தக் கடைக்கு வேறொன்று. இரண்டு கடைக்காரரும் ஒன்றுசேர்ந்தாலும் அதை வைத்து ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. எஸ்தோனியாவில் 2002 முதல் அட்டை இருக்கிறது. உள்ளே போக ஒரு பின், கையெழுத்திட இன்னொரு பின். அங்கேயும் 2017இல் சில்லில் ஒரு பிழை வெளியாகி, ஏறத்தாழ ஏழரை இலட்சம் அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அதையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசின் நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாளத் திட்டம் கொண்டுவர 2022 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். முகம், கண், கைவிரல் ரேகை பதிவதாகத் திட்டம். இந்தியாவின் ஆதாரிலும் இதே மூன்றுதான். 2018 செப்டெம்பர் 26ஆம் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஆதார் செல்லும் என்றது. ஆனால் தனியார் கம்பனிகள் அதைக் கேட்க இடம் கொடுத்த பிரிவை வெட்டிவிட்டது. அந்தத் தீர்ப்பை இங்கே அதிகாரிகளும் படிக்க வேண்டும்.

கைவிரல் ரேகை என்றதும் எங்களுக்குப் பயம் வருகிறது. இங்கே முன்வரிசையில் இருக்கிற அக்காமாரே, உங்கள் விரலைப் பாருங்கள். இருபது வருடம் கொழுந்து எடுத்த விரல். கறை ஏறி, தோல் வெடித்து, கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பும் உண்டு. மண்ணிலும் கல்லிலும் வேலை செய்கிறவர்களின் ரேகையை மெசின் அடிக்கடி ஏற்காமல் போவதால் இந்தியாவில் அரிசிக்கடை வாசலில் திரும்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. ரேகை பதியட்டும், அது ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்க. ஆனால் ஒவ்வொரு நாளும் கதவு திறக்கிற சாவியாக அதை மட்டும் வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டோம். பின் இலக்கம் வெளியே போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாதே. ரேகை விழாவிட்டால் வேறு வழி கொடுக்க வேண்டும் என்பது எழுத்திலே இருக்க வேண்டும், கவுண்டரில் இருக்கும் மகத்தயாவின் தயவில் இருக்கக் கூடாது.

அடுத்தது பெயர். சாதாரணதரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை வழியாகத்தான் போகிறது. அதனால் நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, தோட்டச் செக்ரோலில் லெச்சுமி, ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் இரண்டு விதம். இந்த ஓர் எழுத்துக்காகத்தான் முப்பது வருடம் உழைத்த ஈ.பி.எப். காசை எடுக்க மாதக்கணக்கில் சத்தியக் கடதாசியோடு அலைகிறார்கள். இப்போதாவது ஒரு கிளார்க்கிடம் வாயால் விளக்கலாம். மெசினிடம் விளக்க முடியாது. புதுப் பதிவுக்கு முன் பெயர் திருத்தத்தைத் தோட்டங்களுக்கே வந்து, தமிழ் தெரிந்த உத்தியோகத்தரோடு செய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிழையான விபரத்தைத் திருத்திக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதைப் பெரட்டுக்களத்தில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மாதர் சங்கத் தலைவிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பெரும்பாலும் ஆம்பிளை கையில். அட்டை போனுக்குள் வந்தால் மனைவியின் அட்டையும் புருசன் கையில்தான் இருக்கும். ஆகவே போன் இல்லாதவர்களுக்குக் கையில் பிடிக்கிற அட்டை வேண்டும் என்று சங்கம் கேட்கும். பின் இலக்கத்தைப் பிறந்த வருடமாக வைக்க வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள், அதுதான் அட்டை முகப்பிலேயே இருக்கிறதே. தோட்டத்து ஒபிசில் பேர் போடவோ சம்பளம் வாங்கவோ இந்த அட்டையைக் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே மாவட்டக் காரியாலயத்துக்குத் தெரியப்படுத்துங்கள்.

இந்த மாதம் சந்தா விசயமாக வீடு வீடாகப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எப். துண்டு, மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வாருங்கள். வித்தியாசம் உள்ளவர்களை ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்கு வரச் சொல்லுங்கள், நாங்கள் இருப்போம். மூலப் பத்திரங்களை யாரிடமும் வாங்கி வைக்க வேண்டாம். பார்த்தவுடனே அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.