கல்லூரி முடித்த பிள்ளையும் முதல் உத்தியோகமும்

(கன்னியாகுமரி மாவட்டத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கோதையாற்றுப் பாசன அணைகளை ஜூன் 1-ல் திறப்பது வழக்கம். கன்னிப்பூ வேலை நடக்கும் அந்நாட்களில்தான் நம் பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடித்து வீடு திரும்புகின்றனர். கன்னிப்பூ அறுவடையாகிக் கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவும்போதும் அவர்கள் வீட்டிலேயே இருந்தால் பெற்றோர் மனம் கலங்குகிறது. பெண் மக்களுக்கோ அவ்வளவு அவகாசமும் இல்லை. வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இதை ஒரு வீட்டின் தனிக் கவலையாக விடாமல் ஊர்ப் பொதுக் காரியமாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லவே இன்று வந்தோம்.

2011 மக்கள் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றது நம் மாவட்டம். படிக்க வைப்பதில் நாம் குறை வைக்கவில்லை. படித்து முடித்தபின் வரும் முதல் இரண்டாண்டுகளுக்குத்தான் பொறுப்பேற்பார் எவருமில்லை.

நிச்சயமற்ற காலம் நமக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நம் பட்டதாரிகள் உத்தியோகம் நாடிச் சென்ற திருவனந்தபுரம் ஒரே நாளில் வேறு மாநிலத்தின் தலைநகராயிற்று. விரும்பிப் பெற்ற இணைப்புத்தான். எனினும் வேலை தேடுவோர் புதிய திசை பார்க்க வேண்டியிருந்தது. 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது இறுதிப் பருவத் தேர்வே செப்டம்பருக்குத் தள்ளிப் போயிற்று. வேலை தேடிப் புறப்பட வேண்டியவர்கள் வீட்டில் அடைபட்டிருந்தனர். வெளிநாட்டில் வேலை இழந்த அண்ணன்மாரும் அதே வீட்டுக்குத் திரும்பினர்.

இத்தகைய காலங்களில் நம் மனம் இரண்டு இடங்களை நாடுகிறது. ஒன்று சர்க்கார் உத்தியோகம். 2022-ல் நான்காம் தொகுதித் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 22 லட்சம். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன என்றாலும், அறிவிப்பின்படி முந்நூறு பேருக்கு ஓர் இடம். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பி ஐந்தாண்டு காத்திருப்பது ஒரே வயலில் ஒரே விதையை நம்புவது போன்றது.

மற்றொன்று வெளிநாடு. இங்குதான் நிலம் கைமாறுகிறது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம், வயலை ஒற்றி வைத்த பணத்தை ரசீதின்றிக் கொடுத்துவிட்டு, விசாவும் வராமல் பணமும் வராமல் நின்ற குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாட்டு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். செவிலியர் போன்ற சிலரைத் தவிர, பட்டதாரிக்கு அது வேண்டியதில்லை. ஆகவே அவருடைய ஒப்பந்தத்தை அதிகாரி எவரும் பார்ப்பதில்லை. வீட்டார்தாம் பார்க்க வேண்டும்.

நாம் அதிகம் பேசாத வழி ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பட்டதாரிகளும் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உதவித்தொகையுடன் வேலை பழகலாம். பொறியியல் படித்தவர்க்கு மட்டுமன்று, கலை, அறிவியல் படித்தவர்க்கும் இப்போது அது உண்டு. தொகை சிறிதுதான், நிரந்தர வேலையும் உறுதியன்று. ஆனால் “முன் அனுபவம் உண்டா?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. முதல் வேலை படிப்புக்கு ஏற்றதாக இல்லையென்று உறவினர் குறை கூறுவர். கூறட்டும்.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? ஊரில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் பூட்டிக் கிடந்தால் திறந்து, இரவு ஒன்பது மணி வரை விளக்கெரியச் செய்யலாம். நாகர்கோவில் கோணத்திலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள். அந்தச் செய்தி ஊர்ப் பலகையில் எழுதப்படுகிறதா? பதிவை மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்க மறந்து மூப்பை இழந்தவர் எத்தனை பேர்? அவர்களுக்கு நினைவூட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நவம்பர் 1 இப்போது கிராம சபை கூடும் நாள். நம் மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த நாளும் அதுவே. படித்துவிட்டு வேலையின்றி இருப்போர் பட்டியலை அன்று சபையில் வையுங்கள். பெயரைச் சொல்ல அவர்கள் கூசினால் படிப்பையும் வயதையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.