ஃபெரட் கடிச்சா கையை இழுக்காதீங்க

நாய், பூனை, கிளி எல்லாம் பேசியாச்சு, இன்னிக்கு ஃபெரட். இந்தப் பேரையே கேள்விப்படாதவங்களுக்காக ஒரு நிமிஷம். பார்க்கிறதுக்குக் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், நீள உடம்பு, குட்டைக் கால். ஆனா கீரிக்கும் இதுக்கும் நேரடி உறவு கிடையாது. நம்ம ஊர் நீர்நாய்தான் இதுக்குப் பங்காளி. ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டு விலங்கு இருக்கு, அதைப் பழக்கி வந்ததுதான் ஃபெரட். ரெண்டாயிரம் வருஷமா மனுஷனோட வாழுது. பழக்கினது முயல் பிடிக்க. வளைக்குள்ள ஃபெரட்டை விட்டால் முயல் பதறி வெளியே ஓடிவந்து வலையில் மாட்டும். நான் இருக்கிற வட இங்கிலாந்தில் இன்னிக்கும் அப்படி வேட்டைக்குப் போறவங்க உண்டு.

இன்னொண்ணு. 1933-ல லண்டன்ல மனுஷங்களோட ஃப்ளூ வைரஸை முதன்முதலா பிரிச்சு எடுத்தது ஃபெரட்டை வெச்சுத்தான். நம்ம ஃப்ளூ அதுக்கு அப்படியே ஒட்டிக்கும். அதனால உங்களுக்குக் காய்ச்சல்னா குணமாகிற வரைக்கும் வேற யாராவது சாப்பாடு வைக்கட்டும். கடிக்கிற விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சொல்லாம விட மனசு வரல.

எட்டு வருஷமா வார இறுதிகளில் ஒரு ஃபெரட் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன், சம்பளம் கிடையாது. கொண்டுவந்து விடறவங்க ஒரு படிவம் நிரப்பணும். 'ஏன் விடுகிறீர்கள்' என்ற கட்டத்தில் நான் அதிகமா படிச்ச வார்த்தை, 'கடிக்குது'. அந்த ஒரு வார்த்தை எழுதியிருந்தா அதுக்கு அடுத்த வீடு கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

குட்டி கடிக்கிறது வேற, பெருசு கடிக்கிறது வேற. குட்டிகள் கூடப்பிறந்ததுகளோட உருண்டு புரண்டு, கழுத்தைக் கவ்வி இழுத்துத்தான் விளையாடும். அதுங்க கழுத்துத் தோல் தடிமனானது, அந்தக் கடி அதுங்களுக்கு வலிக்காது. அதே கடியை உங்க விரல்ல கடிச்சா ரத்தம் வரும். குட்டிக்கு அது தெரியாது. வாயைத் திறந்துக்கிட்டு, முதுகை வளைச்சு, பக்கவாட்டில் குதிச்சு ஆடும். கோழி கொக்கரிக்கிற மாதிரி 'டுக் டுக்'னு சத்தம் போடும். முதல் தடவை பார்க்கிறவங்க தாக்க வருதுன்னு பயந்து ஓடுவாங்க. அது விளையாடக் கூப்பிடுது, அவ்வளவுதான். பயந்த ஃபெரட் அப்படி ஆடாது. மூலையில் ஒதுங்கிச் சீறும், வால் முடி பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி நட்டுக்கிட்டு நிற்கும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

விளையாட்டுக் கடியை நிறுத்த என்ன செய்யலாம்? முதல்ல, கடிச்சா கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க. ஓடுறதைத் துரத்திப் பிடிக்கிறதுதான் அதோட பரம்பரைத் தொழில். இழுக்கிற கை அதுக்கு ஓடுற முயல். தோலும் கிழியும். கையை அப்படியே வெச்சுக்கிட்டு, 'வேண்டாம்'னு ஒரே குரல்ல ஒரு தடவை சொல்லிட்டு, அதைத் தூக்கி ஒரு சின்னக் கேரியர் பெட்டியில் ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. அரை மணி நேரம் அடைச்சு வெச்சா எதுக்கு அடைச்சாங்கன்னே மறந்துடும். அது தூங்குற கூண்டில் போடாதீங்க, அது அதோட வீடு, ஜெயில் ஆகக்கூடாது. வெளியே விட்டதும் ஒரு துணிப் பொம்மையைக் குடுத்து விளையாடுங்க. கவ்வணும்னா இதைக் கவ்வுன்னு அதுக்குப் புரியணும். இதையே நூறு தடவை செய்யணும். நூறுன்னு சும்மா சொல்லல.

வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும். நான் பார்த்த பல வீடுகளில் கதை இதுதான்: ராத்திரி அப்பா போர்வைக்கு அடியில் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை விளையாடுவார், அவருக்கு அது ஜாலி. காலையில் பையன் கையை நீட்டினால் அதே விளையாட்டுன்னு நினைச்சுக் கவ்வும். அப்புறம் பழி ஃபெரட் மேல. வெறும் கையால் மல்லுக்கட்டி விளையாடாதீங்க, அப்பா உட்பட. ஆறு ஏழு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளோட தனியாவும் விடாதீங்க. எவ்வளவு சாதுவான ஃபெரட்டா இருந்தாலும் சரி.

இங்கே பழைய ஆட்கள் சிலர் மூக்கில் சுண்டச் சொல்வாங்க. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு கிடையாது. சுண்டினா அது கத்துக்கிற பாடம் ஒண்ணுதான்: கை வந்தா வலிக்கும். அடுத்த தடவை கை வர்றதுக்கு முன்னாடியே கடிக்கும். கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கறது வேற. ஒரு கையால் அந்தத் தோலைப் பிடிச்சு, இன்னொரு கையால் பின்பக்கத்தைத் தாங்கினா, உடம்பு தளர்ந்து பெரிய கொட்டாவி விடும். நகம் வெட்டவும், காது பார்க்கவும் அது உதவும். தண்டனைக்கு வேண்டாம்.

இப்போ அந்தப் பாண்டாவைப் பத்திச் சொல்றேன். மூணு வயசு ஆண், இங்கே ஆணை 'ஹாப்'னு சொல்வாங்க. தலை முழுக்க வெள்ளை, அதனால அந்தப் பேர். தோட்டத்து மரக்கூண்டில் தனியா வளர்ந்தது. படிவத்தில் 'திடீர் திடீர்னு கடிக்கும்'னு எழுதியிருந்தது. உண்மைதான். முதல் வாரத்திலேயே மூணு பேருக்குத் தையல். காப்பகத்தில் பேசி ஒரு மாசம் டைம் குடுத்தாங்க. அதுக்குள்ள மாற்றம் தெரியலன்னா டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வெச்சுடுவார்.

எனக்கு அந்தத் 'திடீர்' உறுத்துச்சு. தூங்கிக்கிட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு சாவிக்கொத்தைக் குலுக்கினேன். காது அசையல. கையைத் தட்டினேன், ஒண்ணும் இல்ல. தலை வெள்ளையா இருக்கிற ஃபெரட்டுகளில் நிறைய பிறவியிலேயே செவிடு. அதுக்குப் பார்வையும் கூர்மை கிடையாது. அப்போ அதோட உலகத்தில் கை என்பது ஒண்ணுமே இல்லாத இடத்திலிருந்து மேலே வந்து விழுற ஒரு பொருள்.

அன்னிக்கிலிருந்து ஒரே முறைதான். கூண்டுத் தரையில் ரெண்டு தட்டு. அதிர்வு தெரிஞ்சு எழுந்திருக்கும். மூடின கையைத் தாழ்வா, பக்கவாட்டில், கம்பிக்கு வெளியே வெச்சு மோந்து பார்க்க விடுவேன். அப்புறம் நீளக் கரண்டியில் ரெண்டு சொட்டு சால்மன் மீன் எண்ணெய். ஃபெரட்டுக்கு அது நமக்கு நெய் மாதிரி. நக்குற வாய் கடிக்காது. முதல் வாரம் பூரா இதுமட்டும், தொடவே இல்ல. ரெண்டாவது வாரம் கரண்டியைக் குட்டையாப் பிடிச்சேன். மூணாவது வாரம் நக்கும்போது தோள்பட்டையை ஒரு விரலால் தடவினேன். தலையை நிமிர்த்திப் பார்த்துட்டு மறுபடி நக்கப் போயிடுச்சு. எண்ணெயைக் கையில் தடவிக் குடுக்கலாமான்னு கேட்பீங்க. பயம் தெளிஞ்ச பிறகு புறங்கையில் தடவலாம். விரல் நுனியில் இறைச்சித் துண்டை மட்டும் நீட்டாதீங்க.

மாசம் முடிஞ்சப்போ என்னைக் கடிக்கல, மத்தவங்களை நம்பல. இன்னும் ஒரு மாசம் கேட்டு வாங்கினேன். மார்ச்சில் மறுபடி முரட்டுத்தனம் வந்தது. கருத்தடை செய்யாத ஹாப்புக்கு வசந்த காலத்தில் ஹார்மோன் ஏறும், வாடையும் ஏறும், கோபமும் ஏறும். டாக்டர் தோலுக்கு அடியில் ஹார்மோன் இம்ப்ளான்ட் வெச்சார், சில வாரங்களில் அடங்கியது. இப்போ பெரியவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற ஒரு வீட்டில் தூளியில் தூங்குது. புது ஆள் வந்தா இன்னும் சீறும். அவங்க வீட்டுக் கூண்டில் ஒரு அட்டை தொங்குது: 'முதலில் ரெண்டு தட்டு'.

ரொம்ப நாள் சாதுவா இருந்த பெரிய ஃபெரட் திடீர்னு கடிக்க ஆரம்பிச்சா, பழக்குறதை நிறுத்திட்டு டாக்டரிடம் போங்க. நடு வயசுக்கு மேல அட்ரினல் சுரப்பி நோயும், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற கட்டியும் இதுங்களுக்கு அதிகம். வால் பக்கம் முடி கொட்டறது, எச்சில் ஒழுகறது, வெறிச்சுப் பார்க்கிறது, பின்னங்கால் தளர்றது, இதெல்லாம் கவனிங்க.

பல்லை விடாம கவ்வித் தொங்கினா என்ன செய்யறதுன்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். இழுக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். மூக்கு ஓரத்தில் எண்ணெய் ஒரு சொட்டு, இல்ல குழாய்த் தண்ணீரில் காட்டுங்க, விட்டுடும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுற தண்ணீரில் நல்லாக் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. ரேபிஸ் இருக்கிற நாட்டிலிருந்து கேட்கிறவங்க ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த எபிசோடு முயல் பத்தி.